ஆளுக்கு நாலடி ரோடு

கிட்ட வாங்க கண்ணுகளா. அந்தக் கதவைச் சாத்திவிட்டு வாங்க, குளிர் உள்ளே வருகிறது. இன்றைக்கு உங்களுக்கு ஒரு ரோட்டுக் கதை சொல்கிறேன். பயந்த சுபாவம் உள்ளவர்கள் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சிறுத்தை வருகிற கதை என்று நினைக்காதீர்கள். சிறுத்தை வந்தால் தகரத்தைத் தட்டி விரட்டிவிடலாம். இந்தக் கதையில் வருவது ஒரு விண்ணப்பப் படிவம்.

மலைநாட்டில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அதில் கீழ்க்கணக்கு என்று ஒரு பிரிவு. தார் ரோட்டிலிருந்து ஒரு மைல் கீழே இறங்க வேண்டும். அந்த ஒரு மைலை ரோடு என்று கூப்பிட்டது கீழ்க்கணக்குக்காரர்களின் பெருந்தன்மை. வெள்ளைக்காரன் காலத்தில் கல் பரப்பினானாம். கல்லெல்லாம் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. குழிகள் மட்டும் விசுவாசமாக இருந்த இடத்திலேயே இருந்தன.

அங்கே லயத்தின் தொங்கல் காம்பராவில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையின் கடைசி அறையில், நாகலெட்சுமி இருந்தாள். நாற்பத்தொன்பது வயது. கொழுந்து பறிக்கிற கை. ரத்தம் குடிக்கிற அட்டைக்குப் பயப்படமாட்டாள், குளவிக்குப் பயப்படமாட்டாள். காகிதத்தைக் கண்டால் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். அச்சடித்த காகிதம் என்றால் ஒரு எட்டுப் பின்னாலும் போவாள். நல்ல செய்தி என்றைக்கும் அவர்கள் லயத்துக்குக் காகிதத்தில் வந்ததில்லை.

அவள் புருஷன் வீரய்யாவுக்கு இரண்டு சிறுநீரகமும் ஓய்ந்துவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். ஆட்டோ தார் ரோட்டோடு நின்றுவிடும். அந்த ஒரு மைலும் அவரைப் பிளாஸ்டிக் கதிரையில் உட்காரவைத்து, இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி, நாலு பேர் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். இளவட்டங்கள் எல்லாம் கொழும்புக் கடைகளில். தூக்குகிற நாலு பேருக்கும் வயதைக் கூட்டினால் இருநூற்றுச் சொச்சம் வரும்.

மாசி மாதத் தூறலில் ஒரு நாள் பாறை வளைவில் முன்னால் தூக்கியவர் வழுக்கிவிட்டார். கதிரை சரிந்தது. பள்ளத்தைப் பார்க்கப் போன வீரய்யா ஒரு தேயிலைச் செடியில் மாட்டி நின்றார். தூக்கி எடுத்தபோது அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "செடி ஒடிஞ்சிருச்சா பாரு புள்ள, தோட்டத்துத் தொரை கேப்பாரு."

டாக்டர் சொல்லியிருந்தார், ஒரு தடவை தவறலாம், அடுத்தடுத்து இரண்டு தடவை தவறக்கூடாது என்று. வைகாசியில் மழை பிடித்தால் கிழமைக்கணக்கில் விடாது. அந்த மழையில் யாரும் யாரையும் தூக்க முடியாது. ஆகவே நாகலெட்சுமிக்கு மழைக்கு முன்னால் ரோடு வேண்டும். வராவிட்டால் என்ன ஆகும் என்ற வாக்கியத்தை அவள் மனதுக்குள் தொடங்குவாள், பாதியில் அடுப்பை ஊதப் போய்விடுவாள்.

பக்கத்துக் காம்பரா மரியநாயகிதான் செய்தியைக் கொண்டுவந்தாள். போனில் வந்ததாம். கிராமத்து மண் ரோடுகளைத் திருத்த அரசாங்கம் கோடிகோடியாக ஒதுக்கியிருக்கிறதாம், அதற்கென்று டவுனில் தனி ஆபீஸாம்.

"நீ போ, நாகு."

"நானாக்கா? எனக்கு அங்க என்ன பேசத் தெரியும்?"

"ஒண்ணும் பேசாத. போய் அழு. நான் போனா சண்டைதான் போடுவேன். எம் மூஞ்சி அப்படி."

போனாள். கிராமிய மண்வீதி மேம்பாட்டு விசேட செயலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. தரையெல்லாம் கம்பளம். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். சுவர் முழுக்க ரோடுகளின் படங்கள். கண்ணாடிபோல ரோடு, இரண்டு பக்கமும் ஏதோ வெளிநாட்டு மரங்கள்.

மேசைக்குப் பின்னால் இருந்த பெண்ணின் பெயர் தனுஜா. முகத்தில் சிரிப்பு இருந்தது. அதனால் நாகலெட்சுமிக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"இதெல்லாம் நீங்க போட்ட ரோடுங்களா, மிஸ்?"

"இல்லம்மா. அது எங்க இலட்சியம். எந்தக் கிராமம் நீங்க?"

"கீழ்க்கணக்கு, மிஸ்."

தனுஜா கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள். "அப்படி ஒரு கிராமம் இல்லையே."

"தோட்டம், மிஸ்."

"இது கிராமத்து வீதிக்கான நிதி. தோட்டம் கிராமம் இல்ல. நகரமும் இல்ல." திரையை அவள் பக்கம் திருப்பினாள். பச்சையாக ஒரு வெளி தெரிந்தது. "இந்தா பாருங்க, ஆத்துக்கும் தார் ரோட்டுக்கும் நடுவுல. இதுக்குப் பேரு பயிர். பயிருக்குள்ள வீதி இருக்காது. இல்லாத வீதி கெட்டுப்போகாது. கெட்டுப்போகாத வீதிய நாங்க எப்படிம்மா திருத்துறது?"

"லயம் இருக்குங்களே மிஸ். எங்க காம்பரா?"

தனுஜா குனிந்து தேடினாள். பாவம், நிஜமாகவே தேடினாள். படத்தைப் பெரிதாக்கியும் பார்த்தாள். "தெரியலம்மா. செடி மறைச்சிருக்கும்."

நாகலெட்சுமி மேசையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷமும் தான் எங்கே சமைத்தோம், எங்கே படுத்தோம் என்று ஒரு கணம் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவள் முகம் போன போக்கைப் பார்த்துத் தனுஜா ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தாள். பதினொரு பக்கம். கிராமத்தன்மையை மெய்ப்பிக்கும் விண்ணப்பம்.

"இத நிரப்பிக் குடுங்க. ஆணையாளர் ஐயாவே நேர்ல வந்து பார்ப்பாரு. நீங்க கிராமம்னு அவருக்குத் தோணிச்சுன்னா உடனே ரோடு."

வீட்டுக்கு வந்து மரியநாயகி அதைச் சத்தமாக வாசித்தாள். உங்கள் இடத்தில் வயல் உண்டா, குளம் உண்டா என்று முதல் பக்கம். எல்லைத் தகராறினால் ஒன்றோடொன்று பேசாத குடும்பங்கள் குறைந்தது மூன்று உண்டா என்று நாலாம் பக்கம். "சொந்தமா ஒரு சாண் நெலம் இல்ல, எல்லைக்கு எங்க போறது?" என்றாள் மரியநாயகி. "வேணும்னா நானும் நீயும் நாளையிலேருந்து பேசாம இருப்போம். காரணம் பெறகு பாத்துக்கலாம்." கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி, பெரிய எழுத்தில்: இங்குள்ள மக்கள் தாமாகக் கூடுகிறார்களா, கூட்டப்படுகிறார்களா?

அந்தக் கேள்வி அப்போது யாருக்கும் விளங்கவில்லை.

படிவத்தில் தோட்ட ஆபீஸ் கையெழுத்தும் வேண்டும். பெரிய கிளாக்கர் பொன்னையா அதை வாங்கி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, பதினொரு பக்கமும் வாசித்தார். அவர் கத்துகிற ஆள் கிடையாது. மெதுவாகப் பேசுவார். அவர் மெதுவாகப் பேசப் பேச எதிரில் நிற்பவர்களுக்கு வேர்க்கும்.

"ரோடு தோட்டத்து ரோடு இல்ல நாகலெட்சுமி. அதனால நாங்க திருத்த முடியாது."

"சரிங்க கிளாக்கரய்யா."

"ஆனா தோட்டத்து ரோட்டுல அரசாங்கம் கை வைக்கவும் முடியாது."

"ரோடு தோட்டத்துது இல்லன்னு இப்பதானுங்களே..."

"அது திருத்துறப்ப. இது கை வைக்கிறப்ப." பொறுமையாக விளக்கினார். "கையெழுத்துப் போடுறேன். எனக்கு என்ன வந்துச்சு? ஆனா ஒண்ணு யோசிச்சுக்க. காம்பரா தோட்டத்து ஆளுக்குக் குடுத்தது. நான் கிராமத்து ஆளுன்னு ஒருத்தர் எழுதிக் குடுத்துட்டா, அவருக்குத் தோட்டத்துக் காம்பரா எதுக்கு? அவர் கிராமத்துக்குப் போகலாமே."

"கிராமம் எங்கய்யா இருக்கு?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? நீதான எழுதிக் குடுக்கிற." முத்திரையைக் குத்தினார். அந்தச் சத்தம் அவள் முதுகுத்தண்டில் கேட்டது. "நான் பயமுறுத்தல, தெரியுதா? பயந்துக்கன்னு சொல்றேன். அவ்வளவுதான்."

அன்றைக்கு அவள் வீரய்யாவிடம் இதைச் சொல்லவில்லை. ரொட்டி சுட்டாள். ஒன்று கருகிவிட்டது. "என்னா புள்ள?" என்றார் அவர். "ஒண்ணுமில்ல, வெறகு ஈரம்" என்றாள். சுவரைப் பார்த்தாள், கூரைத் தகரத்தைப் பார்த்தாள். மாமியார் செத்ததும் மகள் பிறந்ததும் இந்தக் காம்பராவில்தான். இங்கிருந்து இறக்கிவிட்டால் இந்த மனுஷனைக் கதிரையோடு எந்த மரத்தடியில் கொண்டுபோய் வைப்பது?

ஆணையாளர் சித்திரைத் தொடக்கத்தில் வருவதாகக் கடிதம் வந்தது. கீழ்க்கணக்கு முழுக்கக் கிராமமாக மாறுவதற்கு இரண்டு கிழமை இருந்தது.

கிராமம் என்றால் எப்படி இருக்கும் என்று அங்கே தெரிந்தவர் ஒருவர்தான். மிளகு பறிக்கக் கீழ்நாட்டுச் சிங்களக் கிராமம் ஒன்றுக்குப் போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்த லோரன்ஸ். எல்லாரும் பிள்ளைமடுவத்தில், அதாவது வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற கொட்டிலில், கூடி அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"அங்கல்லாம் யாரும் வரிசையா நிக்கிறதில்ல" என்றார் லோரன்ஸ். "பெரிய ஆபீஸர் வந்தாலும் ஒருத்தன் குந்தியிருப்பான், ஒருத்தன் சாஞ்சிருப்பான். பேரச் சொல்லிக் கூப்பிட்டா ஓடி வரமாட்டாங்க. இருந்த எடத்துலேருந்து 'என்ன?'ன்னு கேப்பாங்க."

"ஆபீஸரையா?" என்றாள் சர்மிளா.

"ஆபீஸரைத்தான்."

"கொன்னுற மாட்டாங்களா?"

"அவங்க சொந்த நெலத்துல இருக்காங்க தாயி. எப்படிக் கொல்றது?"

அப்புறம் ஒத்திகை. லோரன்ஸ் ஆணையாளராக நின்று பேர் கூப்பிடுவார், கூப்பிடப்பட்டவர் 'என்ன?' என்று கேட்க வேண்டும். முதல் நாள் எல்லாருக்கும் வந்தது 'என்னங்கய்யா?'. 'ஐயா'வை வெட்டுவதற்கு மூன்று நாள் பிடித்தது, 'ங்க'வை வெட்ட இன்னும் நாலு நாள். மரியநாயகிக்கு மட்டும் முதல் தடவையே வந்துவிட்டது, ஆனால் அதில் எப்போதும் ஒரு கெட்ட வார்த்தையும் சேர்ந்து வந்தது. நாகலெட்சுமி வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. லோரன்ஸ் மாமாவைப் பார்த்தே பயமாக இருந்தது அவளுக்கு.

பக்கத்துப் பிரிவான மேற்கணக்கிலிருந்து ஒரு பசுமாட்டை இரவல் வாங்கினார்கள். குளத்துக்குப் பதில் ஒரு பெரிய குழியில் தண்ணீர் நிரப்பி இரண்டு வாத்து விட்டார்கள். குழி ரோட்டிலேயே தயாராக இருந்தது.

அந்த நாளும் வந்தது. காலை பத்து மணிக்கு மேலே ஜீப் சத்தம் கேட்டது, கொஞ்ச நேரத்தில் நின்றது, பிறகு வெகு நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பதினொன்றரைக்கு ஆணையாளர் நடந்து வந்து சேர்ந்தார். முழங்கால் வரை சேறு. ஒரு காலில் சப்பாத்து இல்லை. கூட வந்த தனுஜா அவருடைய குடையையும், பெரிய பதிவேடு ஒன்றையும் சுமந்துகொண்டு வந்தாள். கிளாக்கர் பொன்னையாவும் கையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தோடு ஒரு ஓரமாக வந்து நின்றார்.

பெரட்டுக்களத்தில்தான் கூட்டம். லயத்தில் வேறு பரந்த இடம் கிடையாது. தினமும் காலையில் அங்கேதான் பெரட்டு எடுப்பார்கள். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுவார், வரிசையில் நின்று குரல் கொடுத்தவருக்கு அன்றைக்கு வேலை. ஆனால் அன்றைக்கு என்ன அழகாக இருந்தார்கள் தெரியுமா! ஒருவர் குந்தியிருந்தார். ஒருத்தி பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று பேர் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள், எல்லைத் தகராறு. மாடு அசைபோட்டது. நாகலெட்சுமி ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் கதிரையில் வீரய்யா.

ஆணையாளர் மனம் நெகிழ்ந்துபோய்ப் பேசத் தொடங்கினார்.

"அன்பான பொதுமக்களே! இந்த நிதியை நாங்கள் எவ்வளவு கண்ணும் கருத்துமாகக் காத்துவருகிறோம் என்று உங்களுக்குத் தெரியாது. ஏழு வருடம். ஒரு சதம் வீண் போகவில்லை. ஒரு வீதிகூடப் போடவில்லை. ஏன்? தகுதியில்லாத வீதிக்குப் போட்டுவிட்டால்? அது மக்களுக்குச் செய்கிற துரோகம் இல்லையா? நாங்கள் போய்ப் பார்த்த கிராமங்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு. ரோடு நன்றாக இருந்த இடங்களில் தேவை இல்லை என்று எழுதினோம். ரோடு மோசமாக இருந்த இடங்களுக்கு எங்களால் போகவே முடியவில்லை. இன்றைக்கு இங்கே வந்து சேர்ந்ததே ஒரு சரித்திரம்!"

கைதட்டினார்கள். லோரன்ஸ் கண்ணைக் காட்டியதும் நிறுத்தினார்கள்; கிராமத்தில் அவ்வளவு கைதட்டமாட்டார்கள்.

"நல்லது. இயல்பாக இருங்கள். நான் சும்மா நாற்பது பேரை மட்டும் கூப்பிடுகிறேன்." தனுஜாவிடமிருந்து பதிவேட்டை வாங்கினார். விரித்தார். ஒரு விரலை வைத்தார். "சர்மிளா!"

அந்த விரித்த புத்தகம் ஒன்றே போதுமாயிருந்தது, கண்ணுகளா. அதே களம், அதே மாதிரி நீளப் புத்தகம், நின்றபடி ஒரு மனுஷன், குரலில் ஒரு பேர்.

"ஐயா!" என்று எழுந்து ஓடினாள் சர்மிளா. ஓடிப்போய் அவள் வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்றாள்.

"தனுஷன்!"

"ஐயா!"

மூன்றாவது பேருக்குப் பிறகு கூப்பிடுவதற்காகவும் யாரும் காத்திருக்கவில்லை. பெண்கள் இடது பக்கம், ஆண்கள் வலது பக்கம், வயசாளிகள் கடைசியில். பேன் பார்த்தவள் கொழுந்து பறிக்கும்போது கட்டுகிற படங்குச் சாக்கைத் தேடி இடுப்பில் கட்டிக்கொண்டாள். பேசாமல் இருந்த மூன்று குடும்பமும் தோளோடு தோள் நின்றது. லோரன்ஸ், ஆறு மாதம் கிராமத்தில் வாழ்ந்த லோரன்ஸ், கையைக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக நின்றார். மரியநாயகியைப் பார்த்தாள் நாகலெட்சுமி. அவளும் வரிசையில்தான். வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள், தன் கால் தன்னைக் கொண்டுவந்து விட்டதே என்று.

"வீரய்யா!"

"ஐயா" என்றார் வீரய்யா கதிரையிலிருந்தே. எழுந்திருக்கவும் பார்த்தார். முடியவில்லை.

"அருமையான ஒழுங்கு!" என்றார் ஆணையாளர். படிவத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, 'கூட்டப்படுகிறார்கள்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் பேனாவைக் கொண்டுபோனார். பிறகு ஞாபகம் வந்து, "நாகலெட்சுமி!" என்று கூப்பிட்டார்.

அவள் கால் எழுந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அவள் எழவில்லை, கால்தான் எழுந்தது. பதினெட்டு வயதிலிருந்து பழக்கிய கால். இரண்டு கையாலும் கல்லைப் பிடித்துக்கொண்டாள். நகம் கல்லில் கீறியது. எதிரே பொன்னையா நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பென்சிலை நாக்கில் நனைத்தார். எழுந்து போனால் காம்பரா இருக்கும், ரோடு இருக்காது. போகாவிட்டால் காம்பரா போகும். மழை வந்தால் இந்த மனுஷன் போய்விடுவார். முதல் தடவையாக அந்த வாக்கியத்தை அவள் முடித்துவிட்டாள்.

"நாகலெட்சுமி!"

"என்ன?"

யார் பேசியது என்று அவளே திரும்பிப் பார்த்தாள்.

வீரய்யா கண்ணை மூடிக்கொண்டார். ஆணையாளர் பதிவேட்டுக்கு மேலாகப் பார்த்தார்.

"நீங்கள்தான் நாகலெட்சுமியா? இங்கே வாருங்கள்."

"நா இங்கதான் இருக்கேன்." பிடித்த கல்லை விடவில்லை. "வேணும்னா நீங்க வாங்க."

கண்ணுகளா, அடி விழும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். ஆனால் ஆணையாளர் விறுவிறு என்று ஒரு சிவப்புப் புத்தகத்தைப் புரட்டினார். விதி இருந்தது: கிராமவாசியை அதிகாரி தேடிச் சென்று சந்திக்க வேண்டும். ஒற்றைச் சப்பாத்தோடு நொண்டி நொண்டி வந்து அவள் முன்னால் நின்று கும்பிட்டார். அவர் கண்ணில் தண்ணீர்.

"தனுஜா, எழுதிக்கொள். கிராமம் கண்டுபிடிக்கப்பட்டது. மக்கள்தொகை, ஒன்று."

"ஒண்ணா? அப்ப இவரு?" நாகலெட்சுமி வீரய்யாவைக் காட்டினாள்.

"அவர் 'ஐயா' என்றார். அவர் பயிரில் சேர்வார்."

பொன்னையா தன் நோட்டில் ஏதோ எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

பத்தாம் நாள் அனுமதிக் கடிதம் வந்தது. ஆளுக்கு நாலு அடி வீதம், கிராமத்தின் மொத்த மக்கள்தொகைக்கு நாலு அடி கொங்கிரீட் ரோடு. எங்கே தொடங்குவது என்று பெரிய ஆலோசனை நடந்திருக்கிறது. அபிவிருத்தி மக்களிடமிருந்து தொடங்க வேண்டும் என்பது கொள்கை. ஆகவே தார் ரோட்டிலிருந்து தொடங்காமல், அவள் வாசலிலிருந்து தொடங்கினார்கள். சீமெந்தையும் கல்லையும் அந்த ஒரு மைலும் தலையில்தான் சுமந்தார்கள், லொறி வர வழியில்லாததால்.

ரோடு நாலடி. பக்கத்தில் நட்ட போர்டு எட்டடி.

திறப்பு விழாவுக்குப் பிரதம அதிதி வந்தார். ரோடு மோசம் என்பதால் ரோட்டைத் திறக்க அவரால் இறங்க முடியவில்லை. மேலே தார் ரோட்டிலேயே நாடாவை வெட்டி, வெட்டிய நாடாவைக் கீழே கொடுத்தனுப்பினார். போனில் பேசினார். ஒலிபெருக்கியில் எல்லாரும் கேட்டார்கள்: "இந்த ரோட்டின் வழியாக உங்கள் கிராமம் உலகத்தோடு இணைகிறது! உலகம் இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கலாம். அதற்கு நாங்கள் பொறுப்பல்ல." நாகலெட்சுமி அந்த நாலடியில் நின்று பார்த்தாள். இரண்டு எட்டு வைத்தால் முடிந்துவிட்டது.

மறுநாள் பொன்னையா வந்தார். மெதுவாகவே பேசினார். கையில் காகிதம். பதினாலு நாளில் காம்பராவைக் காலி செய்து தரவேண்டும், கிராமவாசி தோட்டக் குடியிருப்பில் இருக்க இயலாது. "அவரு வேணும்னா இருக்கலாம்" என்று வீரய்யாவைக் காட்டினார். "அவரு பயிர்தான."

அந்தப் பதினாலு நாளும் அவள் சட்டி பானையைச் சாக்கில் கட்டி வைத்திருந்தாள். சமைக்க அவிழ்ப்பாள், சமைத்துக் கழுவித் திரும்பக் கட்டுவாள். வேலைக்குப் போகிற வழியில் யாரும் அவளோடு பேசவில்லை. கோபத்தினால் இல்லை. தொட்டால் ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம். மேற்கே மேகம் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு நாள் வீரய்யா, "புள்ள, நீ அன்னைக்குச் சொன்னியே, எப்படிச் சொன்ன?" என்றார்.

"தெரியலீங்க. செத்துட்டேன்னு நெனச்சேன். பெறகு பாத்தா உசுரோட இருந்தேன்."

பதினாலாம் நாள் காலையில், முதல் தூறலில், ஆணையாளர் மறுபடி வந்தார். மக்கள்தொகை மீளாய்வாம். பொன்னையாவும் சாவி வாங்க வந்திருந்தார். அதே களம், அதே பதிவேடு.

"சர்மிளா!"

"ஐயா!" ஓடினாள், பாவம்.

"தனுஷன்!" அவனும் ஓடினான்.

"மரியநாயகி!"

மரியநாயகி நாகலெட்சுமி இருந்த கல்லுக்கு வந்து, அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தாள். வாயடித்தே பழகியவளுக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. இரண்டு தடவை விழுங்கினாள். பிறகு, "என்ன?" என்றாள். கெட்ட வார்த்தை சேராமல் அந்த 'என்ன?' அவளுக்கு வந்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு லோரன்ஸ் வரிசையிலிருந்து இரண்டு அடி பின்னால் வந்து தரையில் குந்தினார். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. அவர் மனைவி அவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு உட்கார்ந்தாள். சிலர் எழுந்து, உட்கார்ந்து, திரும்ப எழுந்து ஓடிவிட்டார்கள். ஒருத்தி உட்கார்ந்தபடி அழுதாள், ஆனால் எழவில்லை. எண்ணிப் பார்த்தால் பதினொரு பேர். இருபத்தெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள், தூறலில் நனைந்துகொண்டு, உட்கார்ந்தவர்களையே பார்த்துக்கொண்டு.

கடைசியாக, "வீரய்யா!"

வீரய்யா வாயைத் திறந்தார். "என்ன..." என்றார். அங்கேயே விட்டிருக்கலாம். நாற்பது வருஷப் பழக்கம் பின்னால் இழுத்தது. "...ங்கய்யா."

ஆணையாளருக்குச் சிக்கலாகிவிட்டது. சிவப்புப் புத்தகத்தைப் புரட்டினார், விதி இல்லை. பொன்னையாவைத்தான் பார்த்தார். பொன்னையா தன்னை அறியாமல், "நாங்கன்னா அரைப்பேர் போடுவோம்" என்றார். தோட்டத்தில் பாதி நாள் வேலைக்கு அப்படித்தான் எழுதுவார்கள். ஆணையாளரும் அப்படியே எழுதிக்கொண்டார். மக்கள்தொகை, பதினொன்றரை.

பொன்னையா தன் நோட்டில் பதினொரு பேரையும் எழுதிவிட்டுத் திரும்பத் திரும்ப எண்ணினார். கொழுந்து பொங்குகிற காலம். பதினொரு பேரையும் காம்பராவிலிருந்து இறக்கிவிட்டால் பறிக்கிறவர்கள் யார், துரைக்குப் பதில் சொல்வது யார்? முதல் தடவையாக அவர் நெற்றியில் வேர்த்தது. நாகலெட்சுமி கையிலிருந்த அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கி, நாலாக மடித்து, "பரிசீலனையில வச்சிருக்கோம்" என்றார். அதை என்றைக்கும் கிழித்துப் போடவில்லை. மேசை லாச்சியில் வைத்திருக்கிறார். அவள் சாக்கை அவிழ்த்தாள். ஒரு பானையை மட்டும் இன்னும் அவிழ்க்கவில்லை.

இன்றைக்குக் கீழ்க்கணக்கு ரோடு நாற்பத்தாறு அடி. வைகாசி மழை பிடித்துவிட்டது. நாலு பேரால் தூக்க முடியாத அந்த மழையில் இப்போது பதினொரு பேர் மாறி மாறித் தூக்குகிறார்கள். நடுவே ஒரு வெள்ளிக்கிழமை தவறியது. அதற்கடுத்த செவ்வாயைத் தவறவிடவில்லை. கொங்கிரீட் முடிகிற இடத்தில் சேற்றில் கால் வைக்குமுன் எல்லாரும் ஒரு தடவை மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். மரியநாயகி முன்னால் போய்க் கல் பார்த்துச் சொல்கிறாள். நாகலெட்சுமி ஒரு கையால் கதிரையையும் ஒரு கையால் குடையையும் பிடித்துக்கொண்டு, "பாத்து, பாத்து" என்று நடுங்கிக்கொண்டே ஏறுகிறாள். பயம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். அது அப்படியே இருக்கிறது.

ஒரு மைலுக்கு ஆயிரத்து முந்நூற்று இருபது பேர் உட்கார வேண்டும் என்று தனுஜா கணக்குப் பார்த்துச் சொன்னாளாம். கைக்குழந்தைகளைச் சேர்த்தாலும் கீழ்க்கணக்கில் முந்நூறு பேருக்கு மேல் கிடையாது. போன கிழமை மேற்கணக்கிலிருந்து இரண்டு பெண்கள் இறங்கி வந்து, எப்படி உட்காருவது என்று நாகலெட்சுமியிடம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அவள் கல்லைக் காட்டினாளாம்.

அவ்வளவுதான் கண்ணுகளா. பயந்தவர்கள் கையை விட்டுவிடலாம், வேண்டுமென்றால் இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டும் இருக்கலாம். உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டில் ஒருவர் நோயென்று படுத்தால் வண்டி வாசல் வரைக்கும் வந்து நிற்கட்டும்; நீங்கள் யார், எந்த இடம் என்று ஒரு கேள்வி கேட்காமல் ஏற்றிக்கொண்டு போகட்டும்; போனவர் தன் காலால் நடந்து வீடு திரும்பட்டும். உங்கள் பிள்ளைகுட்டியெல்லாம் நல்லா இருக்கட்டும், என் தங்கங்களா.